பதினேழு நாள் கூடுதலாக

செப்டம்பர் 6

அக்காவுக்கு,

நான் சுகம். எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. பதறாதே, இங்கே தராசை மாற்றியிருக்கிறார்கள். உனக்கும் மாமாவுக்கும் உடம்பு எப்படி? மாமாவின் முதுகுவலிக்கு மருந்தை மாற்றாதே, இருக்கையை மாற்றச் சொல். நாள் முழுக்க அந்தப் பள்ளிப் பேருந்தின் ஓட்டை இருக்கையில் உட்கார்ந்தால் எந்த மாத்திரைதான் கேட்கும்?

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிவு வந்துவிட்டது. எல்லாத் தாளும் பாஸ். மெய்யெண் பகுப்பாய்வில் மட்டும் நாற்பத்தொன்று. நாற்பது எடுத்தால் போதும். என் அறையில் இருக்கும் தையல்காரரும் தொலைநிலைக் கல்வியில்தான் படிக்கிறார், பி.காம். ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு ஒரு தாளில் முப்பத்தொன்பது. "ஏம்ப்பா, அந்த ஒன்னு உனக்கு வீண்தானே? எனக்குக் குடுத்திருக்கலாம்ல?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

என் திட்டம் இதுதான். நன்னடத்தைக் கழிவு, பட்டறை வேலைக்கான கழிவு எல்லாம் போக ஜூலை 10 விடுதலை. கடைசி ஆண்டுத் தேர்வு ஏப்ரல் 28 முதல் மே 9 வரை, நான்கு தாள். தேர்வு மையம் இந்தச் சிறைதான். உணவுக்கூடத்தில் மேசை போடுவார்கள். ஆகப் பட்டத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வருவேன். இந்தப் பாடத்திட்டத்தில் நாங்கள்தான் கடைசி அணி. இந்த முறை விட்டால் மூன்றாம் ஆண்டைப் புதிதாகத் தொடங்க வேண்டும். அதனால் விடமாட்டேன். லிஃப்ட் வேலைக்கான உரிமம் எனக்கு இனி ஆயுளுக்கும் கிடைக்காது. வேறு தொழில் தெரியாது. கணிதப் பட்டம் இருந்தால் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தாவது பிழைப்பேன்.

வெள்ளைத் தாள் கட்டு ஒன்று அனுப்பு. சுருள்கம்பி வைத்த நோட்டு வேண்டாம், கம்பியை உள்ளே விடமாட்டார்கள். புத்தகத்துக்குக் கெட்டி அட்டையும் கூடாது. கிழித்துவிட்டு அனுப்பு.

இதைப் படித்து முத்திரை குத்தப்போகும் காவலருக்கும் என் வணக்கம்.

தம்பி


செப்டம்பர் 24

என் அவசரக்காரத் தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம். உன் யோசனைப்படி மாமா இருக்கைக்கு மெத்தை போட்டார். இப்போது தலை கூரையில் இடிக்கிறதாம். "உன் தம்பி இன்ஜினியரிங்ல எங்கியோ ஒரு இஞ்சை விட்டுட்டான்" என்கிறார்.

பாஸ் செய்ததற்குச் சந்தோஷம். நாற்பத்தொன்றை ஆய்வகத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அறுபத்தொன்று என்று சொன்னேன், கண்டுகொள்ளாதே.

வேலை எப்போதும்போலத்தான். காலை ஆறு மணிக்கே வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கிறார்கள். பசி ஒரு பக்கம், ஊசி பயம் ஒரு பக்கம், கோபம் மட்டும் ரத்தம் எடுக்கிற என் மேல். போன வாரம் ஒரு அம்மா வந்தார். சீட்டில் பெயரைப் பார்த்ததும்... சரி, அதை விடு.

நீ வந்ததும் தங்க அறை ஒழித்துவைக்க வேண்டும். தெருப்பக்க அறையா, பின்பக்க அறையா? தெருப்பக்கத்தில் காற்று வரும். பின்பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் சத்தம். எது வேண்டும் என்று எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


அக்டோபர் 20

அக்காவுக்கு,

நலம். ஒரு வாரம் பல்வலி. இங்கே பல் வைத்தியர் மாதத்துக்கு ஒரு நாள்தான் வருவார், வந்தால் பிடுங்கத்தான் வருவார். அதனால் வலியே தானாகப் பயந்து போய்விட்டது.

புத்தகம் கிடைத்தது. அட்டையைக் கிழிக்கச் சொன்னேன். நீ அட்டையோடு முதல் ஆறு பக்கத்தையும் சேர்த்துக் கிழித்திருக்கிறாய். அடிப்படை வரையறைகள் எல்லாம் அந்த ஆறில்தான் இருக்கின்றன. குப்பையில் போடவில்லை என்றால் அனுப்பு.

இந்தக் கணிதம் என்னைக் கொல்கிறது. பார்த்தாலே தெரிகிற ஒன்றை எடுத்துக்கொண்டு, 'நிறுவுக' என்கிறான். வாரத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து வரும் விரிவுரையாளரிடம் சண்டை போட்டேன். "சார், இது தெரிஞ்ச விஷயம்தானே?" என்றேன். "யாருக்குத் தெரிஞ்சது? நீ பாத்தியா?" என்றார். எனக்கு அந்தக் கையெழுத்து ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கிடங்கில் சரக்கு லிஃப்ட்டின் வடம் நழுவிச் சுமை தூக்குகிறவர் இறந்தாரே, அந்த லிஃப்ட்டின் ஆய்வுப் படிவத்தில் 'வடம் சரி' என்று எழுதி, கீழே என் கையெழுத்து இருந்தது. அன்று எனக்கு ஏழு இடங்களில் ஆய்வு. அவ்வளவுதான் சொல்வேன்.

ஆய்வகத்துக்கு யார் வந்தது? எதையும் பாதியில் விடாதே. எனக்கு அது பிடிக்காது.

மாமாவைத் தலையைக் குனிந்து ஓட்டச் சொல்.

தம்பி


நவம்பர் 15

தம்பிக்கு,

எல்லோரும் நலம். ஆறு பக்கமும் கிடைத்துவிட்டது. மாமா அதில் டீ கோப்பை வைத்திருந்தார். வட்டக் கறைக்குள் இருக்கிற இரண்டு வரியைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பார்த்தது பார்த்தபடி எழுதினேன். தப்பிருந்தால் என்னைத் திட்டாதே, டீயைத் திட்டு.

மாமா தெருப்பக்க அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்கிறார். நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லையே? எந்த அறை? கணிதத்தைப் பற்றி ஒரு பக்கம், பல்லைப் பற்றி அரைப் பக்கம். வீட்டுக்கு வருவதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

குளிர் வந்துவிட்டது. போர்வை போதுமா என்று எழுது.

அக்கா


ஜனவரி 12

அக்காவுக்கு,

நலமா? நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, போர்வையும் போதும். என் கணக்கு தப்பிவிட்டது.

நேற்று அலுவலகத்துக்குக் கூப்பிட்டு விடுதலைத் தேதி சொன்னார்கள். ஏப்ரல் 11. ஜூலை 10 இல்லை. எங்கே தொண்ணூறு நாள் போனது என்று கேட்டேன். எழுத்தர் ஒரு படிவத்தைக் காட்டினார். கல்லூரித் தேர்வில் ஓராண்டுத் தாள் எல்லாவற்றிலும் தேறினால் நாற்பத்தைந்து நாள் தண்டனைக் கழிவாம். நான் இரண்டு ஆண்டு தேறியிருக்கிறேன். படிவத்தின் அடியில் என் கையெழுத்து. படிப்பில் சேர்ந்த அன்று நீட்டினார்கள், போட்டிருக்கிறேன். படித்துப் பார்க்கவில்லை. எனக்கு இது இரண்டாவது முறை, அக்கா.

ஆக, படித்ததால் முன்கூட்டியே அனுப்புகிறார்கள். அனுப்புவதால் படிப்பு போகிறது. தேர்வு ஏப்ரல் 28. மையத்தை மாற்ற மனுக் கொடுக்க டிசம்பர் 31 கடைசி நாள், அது முடிந்துவிட்டது. வெளியே போனவனுக்கு இந்த உணவுக்கூடத்தில் மேசை கிடையாது.

எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது. இரண்டாம் ஆண்டுக்கான கழிவை எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். தேர்வு முடிந்து மே மாதக் கடைசியில் வருவேன். எல்லாத் தாளையும் எழுதிவிட்டு வருவேன். அவசரப்பட்டுக் கோபப்படாமல் நிதானமாக யோசி.

தம்பி


ஜனவரி 19

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

மூன்றரை வருடமாக ஒவ்வொரு மாதமும் ஆறு மணி நேரம் பேருந்தில் வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன்னை இருபது நிமிடம் பார்த்துவிட்டு, ஆறு மணி நேரம் திரும்பி வருகிறேன். கதவைத் திறந்து போ என்கிறார்கள். நீ உள்ளேயே இருக்கிறேன் என்கிறாய். நிதானமாக யோசிக்க வேண்டுமாம். இதை எனக்கு நீ சொல்கிறாய்!

மாமா உன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "அவனுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சுண்ணாம்பு மட்டையை வாளியிலேயே போட்டுவிட்டுப் போனார்.

இதற்கு மேல் எழுதினால் தப்பாக ஏதாவது எழுதிவிடுவேன்.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

உன் கோபம் கிடைத்தது. கடிதம் படிக்கிற காவலர் கையில் கொடுக்கும்போதே, "உங்க அக்கா சூடா இருக்காங்க, ஆற வெச்சுப் படி" என்றார். பேனா அழுத்தியதில் தாளே கிழிந்திருக்கிறது. இரத்த அழுத்தம் பார்த்துக்கொள். கருவி உன் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது?

மனுக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி படித்தார்.

"இங்க எல்லாரும் வெளிய விடுங்கன்னு மனு குடுப்பாங்க. நீ இன்னும் கொஞ்ச நாள் வெச்சுக்கங்கன்னு கேக்குற. சாப்பாடு அவ்வளவு நல்லாவா இருக்கு?"

"சாப்பாடு மோசம் சார். பரீட்சை எழுதணும்."

"ஏப்ரல் பதினொன்னுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவுல பதினேழு நாள். இந்தப் பதினேழு நாள் உனக்குப் பெரிசா தெரியலையா?"

"ஒரு வருஷம் அதைவிடப் பெரிசு சார்."

பார்க்கலாம் என்று எடுத்து வைத்துக்கொண்டார். தையல்காரர் என்னோடு பேசுவதில்லை. அவருக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. நான் செய்தது அவர் முகத்துக்கு நேரே சோற்றைக் கொட்டியது மாதிரி என்று பக்கத்து அறைக்காரரிடம் சொன்னாராம்.

இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று நீயே சொல். பதினேழு நாள், தேர்வு நாட்கள், மீதி எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து நாள். மறுபக்கம் ஒரு வருடம். கூட்டிக் கழித்துப் பார்.

பதில் போடு.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

நலம். நீ நலமாக இரு. ஒரு மாதம் எழுதாதது கோபத்தால் இல்லை. வேலை இருந்தது.

இரண்டு நாள் விடுப்புப் போட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நான்கு ஜன்னல். முதல் ஜன்னல் இரண்டாவதுக்கு அனுப்பியது, இரண்டாவது சாப்பிடப் போயிருந்தது. கடைசி ஜன்னலில் ஒரு பெண். மையத்தை மாற்ற முடியாது, தேதி முடிந்தது என்றாள். "மாத்த வேணாம்மா. அதே மையத்துக்கு வெளியேயிருந்து வந்து எழுதினா என்ன?" என்று கேட்டேன். தன் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "மேடம், சிறைக்குள்ள இருக்கிறவங்கதான் அங்க எழுதணும்னு இதுல இல்ல. ஹால் டிக்கெட்ல இருக்கிற இடத்துக்கு வரணும், அவ்வளவுதான். ஆனா இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றாள். அதை எழுதி முத்திரை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் உன் கண்காணிப்பாளரைப் பார்த்தேன். விடுதலையானவன் ஒரு வருடத்துக்குப் பார்வையாளராக வர முடியாதாம். குழாய் பழுது பார்க்கவும் மின்வேலைக்கும் வருகிறவர்களுக்கு அந்தத் தடை இல்லை. "பரீட்சை எழுதறதும் வேலைதானே சார்?" என்றேன். "குடும்பமே இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நகல் இதோடு இருக்கிறது. முழுதாகப் படித்துப் பார்.

ஆக, உன் தேர்வுக்கு வழி வந்துவிட்டது. இப்போது எனக்கு உண்மையைச் சொல். அந்தப் பதினேழு நாள் எதற்கு? தேர்வு மட்டும்தான் காரணம் என்றால், 'எந்த அறை' என்று நான் கேட்டதற்கு ஐந்து மாதமாக ஏன் பதிலில்லை?

செப்டம்பரில் ஆய்வகத்துக்கு வந்தது அந்தச் சுமை தூக்குகிறவரின் மனைவி. நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்திருக்கிறார். அன்று எனக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டாவது முறை குத்த வேண்டியதாகிவிட்டது. அவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். உனக்கு எழுதப் போனேன், எழுதவில்லை. படிப்பு கெட்டுவிடும் என்று பயம்.

போன வாரம் மறுபடி வந்தார். "உங்க தம்பி எப்ப வர்றார்?" என்று கேட்டார். சொன்னேன். "ஒளிஞ்சுக்க வேணாம்னு சொல்லுங்க. எனக்கு ஒன்னே ஒன்னு கேக்கணும். கோர்ட்ல 'போதிய கவனமில்லாம ஆய்வு செஞ்சார்'னு வக்கீல் சொன்னாரு. அன்னைக்கு உங்க தம்பி மேல ஏறிப் பாத்தாரா, இல்லையா? எனக்கு அது தெரியணும்" என்றார்.

எனக்கும் தெரியாது, தம்பி. உன்னிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

நலம்.

நகலை முழுதாகப் படித்தேன். இரண்டு பக்கம், பதினான்கு நிபந்தனை. என் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். தையல்காரர் பேசத் தொடங்கிவிட்டார். திட்டித்தான் தொடங்கினார்.

அந்த அம்மாவின் கேள்விக்குக் கடிதத்தில் பதில் எழுத மாட்டேன். உனக்கும் சொல்ல மாட்டேன். அவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

தெருப்பக்க அறை.

தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

சிறைக்கு எதிர்த்தெரு விடுதி எப்படி இருக்கிறது? மூட்டைப்பூச்சி இருந்தால் மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் படு. முதல் தாள் எழுதியிருப்பாய். போனில் கேட்டால் "எழுதினேன்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம். நமக்கு இதுதான் பழக்கம்.

நீ வீட்டில் இருந்த பதினாறு நாளும் ஒன்றைக் கேட்க நினைத்து, வாய் வரவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். நீ மாடி ஏறினாய். நான் படிக்கட்டின் கீழேயே நின்றுவிட்டேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டது, சாத்துகிற சத்தம் கேட்டது. நடுவில் நீ என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. இறங்கி வந்து, "போலாம்" என்றாய்.

சொல்ல விருப்பமில்லை என்றால் விடு. மாமா உன் அறை ஜன்னலுக்கு வலை அடித்துக்கொண்டிருக்கிறார்.

இரவில் விழித்துப் படிக்காதே. பட்டினி கிடக்காதே.

அக்கா


மே 9

அக்காவுக்கு,

நலம். மூட்டைப்பூச்சி இல்லை. பக்கத்து அறைக்காரரின் குறட்டைதான். மாமாவின் கைக்கு எண்ணெய் தடவச் சொல், சுத்தியலைத் தப்பாகப் பிடிப்பார்.

நீ கேட்டதற்குப் பதில். "மேல ஏறவே இல்லைங்க. கீழ நின்னே கையெழுத்துப் போட்டேன்" என்று சொன்னேன். அவர், "அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றார். கதவில் கை வைத்தார். "வக்கீல் சொன்னது எனக்குப் புரியலை. இது புரியுது" என்றார். கதவைச் சாத்தினார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், கதவு சாத்தியிருந்தது. அவ்வளவுதான். உன்னிடம் மூன்றரை வருடம் சொல்லாமல் இருந்ததும் அதைத்தான். இரண்டு தெரு தள்ளி அவர் இருப்பது தெரிவதற்கு முன்பே இதை யாராவது கேட்பார்களோ என்று எனக்கு அந்த ஊருக்கு வரப் பயம். தேர்வைக் காட்டி இங்கேயே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். நீ ஜன்னல் ஜன்னலாக ஏறி அதைக் கெடுத்துவிட்டாய்.

இன்று கடைசித் தாள் முடிந்தது. முதல் மூன்று தாளும் காலையில் நடந்தன. வாயிலில் என்னைத் தடவிப் பார்ப்பார்கள், சட்டையில் ஒரு அட்டையைக் குத்துவார்கள், ஒரு காவலர் உணவுக்கூடம் வரை கூட வருவார், முடிந்ததும் கூட்டிப் போய் வெளியே விடுவார். குழாய்க்காரன் மாதிரி மரியாதையாகவே போய் வந்தேன். பி.காம். தேர்வுக்கு அதே கூடத்தில் உட்கார்ந்த தையல்காரர் என் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலர் தையல் மட்டம்" என்றார்.

இன்று மட்டும் பிற்பகல் தேர்வு. ஒன்பது கேள்விக்கு எழுதினேன். பத்தாவதில் முதல் வரியும் கடைசி வரியும் தெரிந்தன, நடுவில் எப்படிப் போவது என்று தெரியவில்லை. நடுவில் 'தெளிவாகத் தெரிகிறது' என்று ஒரு வரி போட்டுத் தாண்டிப் போயிருக்கலாம், நாலு மதிப்பெண் விழுந்திருக்கும். எழுதவில்லை, வெற்றாக விட்டுவிட்டேன். மற்றவை போதும், பாஸ் ஆகிவிடுவேன்.

தாள்களை வாங்கும்போது ஐந்து மணி அடித்தது. அது ஆள் எண்ணுகிற நேரம். தையல்காரரும் இன்னொருவரும் எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள். நானும் போய் நின்றேன், அக்கா. யோசிக்கவே இல்லை, கால் தானாகப் போய்விட்டது. கையைப் பக்கவாட்டில் வைத்து நேராக நின்றேன். காவலர் "ஒன்னு, ரெண்டு" என்று வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். அட்டையைப் பார்த்தார்.

"தள்ளி நில்லுப்பா. உன்னை எண்ணக் கூடாது."

தையல்காரர் சிரிக்கவில்லை. "போ, போ" என்றார் மெதுவாக. நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள், கம்பிக் கதவு மூடிக்கொண்டது. என்னை வெளியே கூட்டிப் போக வேண்டியவர் இன்னும் வரவில்லை. அவ்வளவு பெரிய கூடத்தில் நான் மட்டும்தான். என்னை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு நாற்காலிகளை எல்லாம் எடுத்து மேசைக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

நாளைக் காலை முதல் பேருந்தில் ஏறுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன்.

தம்பி